கூற்றும் கேட்போரும் களனும் : இந்திய நாவல்களிற் சாதி

தோற்றுவாய்

நாவல் என்னும் இலக்கிய வகை நம் நாட்டிற்குப் புதியது. மேலைநாட்டாரின் தொடர்பால் வந்த அதனை, இந்திய மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் வயமாக்கிக் கொண்டன. மராத்தியில் பாபா பத்மன்ஜியின் ‘யமுனா பர்யடன்’ 1857இல் வெளிவந்தது. தமிழில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இலும், மலையாளத்திற் சந்துமேனோனின் ‘இந்துலேகா’ 1889இலும் தோன்றின. இவ்வகை மேலைநாட்டில் வளர்ந்தபோது தனிமனிதனையே நடுநாயகமாகக் கொண்டிருந்தது. இந்திய மண்ணிலோ தனிமனிதன் தனியனாய் நிற்பதில்லை. அவன் பெயரைக் கேட்பவர் அடுத்து ஊரைக் கேட்பர்; ஊரைக் கேட்பவர் தெருவைக் கேட்பர்; தெருவைச் சொன்ன அளவிலே சாதி வெளிப்பட்டுவிடும். ஆகவே இந்திய நாவலாசிரியன் ஒரு மாந்தனைப் படைக்க முற்படும்போதே சாதியை எதிர்கொள்கின்றான். அதனைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகைச் சொல்லுதலே ஆகிவிடுகின்றது.

மராத்தி முதலிய இந்திய மொழி நாவல்கள் சமுதாயத்தையும் சாதியையும் ‘நான் யார்’ என்னும் தன்னிலை வினாவையும் எவ்வாறு ஆராய்ந்துள்ளன என்பதை இக்கட்டுரையிற் காண முற்படுகின்றோம். இவ்வாராய்ச்சியைப் பொருள் பற்றிய பட்டியலாக அமைப்பின், ‘இந்நாவல் கைம்பெண் துயரைக் கூறுகின்றது, அந்நாவல் தீண்டாமையைக் கூறுகின்றது’ என்று அடுக்குவதோடு அது முடிந்துவிடும். அதனால் விளையும் பயன் சிறிது. எனவே தொல்காப்பியர் செய்யுளியலிற் கூறும் முப்பத்துநான்கு உறுப்புக்களுள் கூற்று, கேட்போர், களன் என்னும் மூன்றனையும் அளவுகோலாகக் கொள்கின்றோம். பேசுவோர் யார், யாரை நோக்கிப் பேசுகின்றனர், எவ்விடத்து நின்று பேசுகின்றனர் என்பனவே அவை. செய்யுளுக்கு வகுத்த உறுப்புக்கள் நாவலுக்குப் பொருந்துமோ எனின், பொருந்தும் என்பதை மேல்வருவன காட்டும்.

இன்னொன்றும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாதற்கு உரியரல்லர், கைக்கிளை பெருந்திணைகட்கே உரியர் என்பது அகத்திணையியலுக்கு உரையாசிரியர்கள் கொண்ட பொருள். பிறர் ஏவியது செய்து வாழ்வார்க்கு அறம் பொருள் இன்பம் வழாமல் ஒழுகுதல் அரிது என்பது அவர்கள் காட்டும் காரணம். ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பெற்ற அவ்விருவகையினரையே இந்திய நாவல் தலைமக்களாக ஏற்றது. இலக்கண வரலாற்று நோக்கில் இஃது ஒரு பெருமாற்றம் ஆகும்.

கூற்று : பிறர்பொருட்டுப் பேசுதல்

இந்திய நாவலின் தொடக்க காலத்தில், துன்புறுவோர் ஒருவராகவும் பேசுவோர் மற்றொருவராகவும் இருந்தனர். மராத்தி நாவலின் தந்தை எனத்தக்க ஹரி நாராயண் ஆப்டே (1864–1919), ‘பண் லக்ஷாத் கோண் கேதோ’ என்னும் நாவலைத் தம் ‘கரமணூக்’ இதழில் 1890 முதல் தொடர்ந்து எழுதினார். ‘ஆனால் யார் பொருட்படுத்துகின்றனர்?’ என்பது அத்தலைப்பின் பொருள். யமுனா என்னும் பார்ப்பனப் பெண் தன் கதையைத் தானே கூறுவதாக நாவல் அமைந்துள்ளது. இளமையிலேயே கணவனை இழந்து, தலை மழிக்கப்பெற்று, அவள் நலிந்து மடிகின்றாள். எழுதியவர் ஆடவர், பேசுபவள் பெண். தமிழில் அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ (1903) இதே முறையைக் கையாள்கின்றது. அதுவும் கைம்பெண் ஒருத்தி தன் கூற்றாகவே உரைக்கும் கதை. ஆனால் மாதவையா தம் தலைவிக்கு மறுமணம் செய்து வைக்கின்றார். ஆப்டே தம் தலைவியைச் சாகவிடுகின்றார். தமிழாசிரியர் வழியைக் காட்ட விழைந்தார் என்றும், மராத்தி ஆசிரியர் வழியின்மையைக் காட்ட விழைந்தார் என்றும் கொள்ளலாம். இருவர்க்கும் பொதுவானது ஒன்று உண்டு. தாம் பிறந்த சாதியின் உள்ளகத்தையே இருவரும் திறந்து காட்டினர். சாதியின் கட்டுப்பாடு முதலிற் பெண்ணின் உடல்மீது செயற்படுகின்றது என்பதை அவ்விருவரும் ஐயத்திற்கிடமின்றி நிறுவினர்.

சாதிப் படியின் கீழ்நிலையில் வைக்கப்பெற்றோரைத் தலைமக்களாகக் கொண்ட நாவல்களும் அக்காலத்திலேயே தோன்றலாயின. கண்ணூரைச் சார்ந்த வழக்கறிஞர் போத்தேரி குஞ்ஞம்பு 1892இல் ‘சரஸ்வதீவிஜயம்’ இயற்றினார். நம்பூதிரி ஒருவர் வரும் வழியிற் பாடினான் என்பதற்காகப் புலையர் குலத்து இளைஞன் ஒருவன் அடிக்கப்பெறுகின்றான். இறந்தான் என்று கருதப்பட்ட அவன் கல்வி பெற்று நீதிபதியாகி, அவ்வழக்கையே விசாரிக்க வந்து அமர்கின்றான். தெலுங்கில் உன்னவ லக்ஷ்மிநாராயண, விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறையிருந்த காலத்தில் ‘மாலபல்லி’யை எழுதினார். 1922இல் வெளிவந்த அந்நூலைச் சென்னை மாகாண அரசு தடைசெய்தது. மாலர் குலத்து ராமதாசின் குடும்பத்தைத் தலைமைக் குடும்பமாக்கிய அந்நூல், சாதிக் கொடுமையையும் நிலவுடைமைக் கொடுமையையும் ஒரே கயிற்றின் இரு புரிகளாகக் காட்டியது. கன்னடத்தில் சிவராம காரந்தின் ‘சோமன துடி’ (1933), தனக்கெனச் சிறிது நிலம் வேண்டும் என்னும் ஒரே விருப்பத்தோடு வாழ்ந்து, அது நிறைவேறாது மடியும் சோமனைப் பற்றியது. உழுகின்ற கை நிலத்தைப் பெறவில்லை; அக்கைக்கு எஞ்சியது துடி ஒன்றே. மலையாளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியுடெ மகன்’ (1947) ஆலப்புழை நகரத் துப்புரவுத் தொழிலாளரின் மூன்று தலைமுறைகளைக் கூறுகின்றது. அவருள் இசக்கிமுத்து, சுடலைமுத்து என்னும் பெயர்கள் தமிழ்ப் பெயர்கள் என்பதைத் தமிழறிஞர் நோக்குதல் வேண்டும். பிழைப்பு நாடி மலைக்கு அப்பாற் சென்ற தமிழ்க்குடியின் கதை, மலையாளத்தில் எழுதப்பெற்று, பின்னர்ச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழுக்குத் திரும்பி வந்தது.

இந்நாவல்களை ‘இரக்க இலக்கியம்’ என்று ஒதுக்கிவிடுவாரும் உளர். அது பொருந்தாது. உன்னவரும் காரந்தும் தகழியும் தாம் எழுதிய மக்களின் குலத்திற் பிறந்தவரல்லர். எனினும் அவர்களைத் தலைமக்களாக ஏற்றமையே அன்று பெருந்துணிவு. ஆனால் அவர்களின் கூற்றுக்கு ஓர் எல்லை உண்டு. துன்பத்தை அவர்கள் வெளியிலிருந்து கண்டனர். கண்டதை உண்மையாகவே எழுதினர். துன்புறுவோன் தன்னைப் பற்றித் தனக்குள்ளே என்ன கருதுகின்றான் என்பது அவ்வெல்லைக்கு அப்பால் நின்றது.

கூற்று : தானே பேசுதல்

அவ்வெல்லையைக் கடந்தமையே மராத்தி இலக்கியத்தின் தனிப்பெருமை எனலாம். அண்ணாபாவ் சாத்தே (1920–1969) மாங் குலத்திற் பிறந்தவர். முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். பம்பாயில் தொழிலாளராய் வாழ்ந்தவர். அவருடைய ‘ஃபகிரா’ 1959இல் வெளிவந்தது, அம்பேத்கருக்கு உரிமையாக்கப்பெற்றது. பிரித்தானிய ஆட்சியிற் ‘குற்றப் பரம்பரை’ எனப் பதிவு செய்யப்பெற்ற மக்கள், பஞ்ச காலத்தில் உணவுக்கும் மானத்துக்கும் போராடுவதை அது கூறும். அதன் தலைவன் இரங்கத்தக்கவன் அல்லன்; வீரன். புறத்திணைக்குரிய மறம் இங்கு மாங்கர் தெருவிற் பிறக்கின்றது. இதற்கு ஒன்பது ஆண்டுகட்கு முன்னர், விபாவரி ஷிரூர்கர் என்னும் புனைபெயருடைய மாலதி பேடேகர், சோலாப்பூரில் அத்தகைய மக்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பெற்றிருந்த குடியிருப்பைக் களனாகக் கொண்டு ‘பளி’ (1950) என்னும் நாவலை எழுதியிருந்தார். பளி என்பது பலி. ஒரே சட்டத்தின் கீழ் வதிந்த மக்களை இருவரும் எழுதினர். அம்மையார் பலியைக் கண்டார். சாத்தே மறத்தைக் கண்டார். கூற்று மாறியபோது மெய்ப்பாடும் மாறியது. அழுகையின் இடத்தைப் பெருமிதம் பெற்றது.

1963ஆம் ஆண்டு மராத்தி உரைநடையில் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று பாலச்சந்திர நேமாடேயின் ‘கோசலா’. மற்றொன்று பாபுராவ் பாகூலின் ‘ஜேவ்ஹா மீ ஜாத் சோரலீ ஹோதீ’ என்னும் சிறுகதைத் தொகுதி. கோசலாவின் பாண்டுரங்க் சாங்க்வீகர் வசதியுள்ள உழவர் குடும்பத்து மகன். புனே நகருக்குக் கல்வி பெறச் சென்று, எதிலும் பொருந்தாது, தோல்வியுற்று ஊர் திரும்புகின்றான். ‘நான் யார்?’ என்னும் வினா அவனை அலைக்கழிக்கின்றது. பாகூலின் தலைப்புக் கதையில் வரும் இளைஞன் குசராத்து மாநிலத்தில் இருப்புப்பாதைத் தொழிலாளியாக வேலை பெறுகின்றான். தங்க இடம் வேண்டித் தன் சாதியை மறைக்கின்றான். உண்மை வெளிப்பட்டதும் அடிக்கப்பெறுகின்றான். இவ்விரண்டனையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பின் ஓர் உண்மை புலனாகும். பாண்டுரங்கனுக்குத் தன்னைத் தேடுவதற்கு ஓய்வு உண்டு. ஊர் திரும்புவதற்கு வீடும் உண்டு. பாகூலின் தலைவன் தன்னைத் தேடவில்லை, தன்னை ஒளிக்கின்றான். ‘நான் யார்’ என்னும் வினா ஒருவனுக்கு மெய்யறிவு நாட்டம். மற்றொருவனுக்குக் குடிக்கூலி வீடு கிடைக்குமா என்னும் வினா. தன்னிலை பற்றிய ஆராய்ச்சி செய்வோர் இவ்வேறுபாட்டைக் கருதாதொழியின், அவ்வாராய்ச்சி ஒருபாற் கோடியதாகும்.

1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றியது. அதன்பின் மராத்தியில் தன்வரலாறுகள் பல பெருகின. தயா பவாரின் ‘பலூதம்’ (1978) அவற்றுள் தலையாயது. பலூதம் என்பது, ஊர்ப்பணி செய்வோர்க்கு விளைச்சலினின்று அளிக்கப்பெறும் பங்கு. நூலாசிரியர் ஓர் அரிய உத்தியைக் கையாள்கின்றார். கற்று நகரத்தில் அலுவல் பார்க்கும் தயா பவாரிடம், தக்டூ மாருதி பவார் என்பான் தன் கதையைச் சொல்கின்றான். இருவரும் ஒருவரே, தக்டூ என்பது அவருடைய ஊர்ப்பெயர். கூறுவோனும் கேட்போனும் ஒருவனுக்குள்ளேயே பிளவுபட்டு நிற்றலைத் தொல்லிலக்கணத்தார் நெஞ்சொடு கிளத்தல் என்பர். காதலன் நெஞ்சொடு பேசியதை நாம் அறிவோம். சாதியாற் பிளவுண்ட நெஞ்சு தன்னொடு தானே பேசுதலை இந்நூலிற் காண்கின்றோம். கல்வி ஒருவனுக்குப் புதுப்பெயரைத் தரும். பழம்பெயர் எங்கே போகும் என்பதே இந்நூலின் உயிர் வினா.

லக்ஷ்மண் மானேயின் ‘உபரா’ (1980) கூடை முடைந்து கழுதைகளோடு அலையும் கைக்காடி மக்களைப் பற்றியது. கைக்காடி மொழி, மொழிநூலாரால் தமிழொடு நெருங்கிய திராவிட மொழியாக எண்ணப்பெறுகின்றது. ‘உபரா’ என்னும் சொல்லுக்கு ‘வேற்றான்’ என்பது பொருள். மராத்திய மண்ணில் வேற்றானாய்க் கருதப்பட்டோன் மொழியால் நமக்கு உறவினன் என்பது தமிழ் ஆராய்ச்சியாளர் சிந்தித்தற்குரியது. சரண்குமார் லிம்பாளேயின் ‘அக்கர்மாஷி’ (1984), மேற்சாதித் தந்தைக்கும் மகார் குலத் தாய்க்கும் மணவாழ்வின்றிப் பிறந்த மகன் இரு சாதியினும் இடமின்றி நிற்றலைக் கூறும். குசராத்தியில் ஜோசப் மக்வானின் ‘ஆங்களியாத்’ (1986) நெசவுத் தொழிலாளரான வணகர் மக்களைத் தலைமக்களாகக் கொண்டது. தாய் மறுமணம் புகும்போது அவள் விரலைப் பற்றிக்கொண்டு உடன் செல்லும் குழந்தையை அத்தலைப்புக் குறிக்கும். இத்தலைப்புக்களே ஒரு செய்தியை உணர்த்துவன. வேற்றான், குறைப்பிறப்பினன், விரல் பற்றி வந்தோன் எனப் பிறர் இகழ்ந்து இட்ட பெயரையே ஆசிரியர் நூற்பெயராக்கினர். இகழ்பெயரை எடுத்து முகப்பிற் பொறித்தபோது அதன் நச்சுப்பல் பிடுங்கப்பெற்றது.

தமிழிற் பூமணியின் ‘பிறகு’ (1979) செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்வை ஆரவாரமின்றி எழுதி வழிகாட்டியது. ஈழத்திற் கே. டானியல் ‘பஞ்சமர்’ முதலிய நாவல்களால் யாழ்ப்பாணச் சாதியமைப்பை வெளிப்படுத்தினார். 1991இல் வந்த அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித் தமிழகத்தில் எழுந்த எழுச்சியில், மராத்தித் தலித் இலக்கியத்தின் தாக்கம் தெளிவாகப் புலப்பட்டது. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989), பாமாவின் ‘கருக்கு’ (1992), இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) ஆகியன அக்காலத்தில் அடுத்தடுத்து வந்தன. இவற்றுட் கோவேறு கழுதைகள், ஒடுக்கப்பட்டோர்க்கும் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்பாளைத் தலைவியாகக் கொண்டு, படிநிலையின் அடியிலும் ஒரு படிநிலை உண்டெனக் காட்டியது. அதனால் வாதங்களும் எழுந்தன. தன்குலத்தைத் தானே வினவுதல் இரண்டகமா, நேர்மையா என்பதே அவ்வாதங்களின் சாரம். கன்னடத்தில் அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ (1965) பார்ப்பன அக்கிரகாரத்தை உள்ளிருந்து வினவியதை நேர்மை என ஏற்றவர், இமையம் வினவியதை மட்டும் இரண்டகம் என்றல் முறையாகாது.

கேட்போர்

கூற்றினை ஆராய்வார் பலர். கேட்போரை ஆராய்வார் சிலரே. ஒரு நாவல் யார் காதில் விழ எழுதப்பெறுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் மொழி அமைகின்றது. உத்தவ் ஷெள்கேயின் ‘தக்’ (1960) விதர்ப்பப் பகுதியின் வழக்குமொழியிற் கௌதிக் என்னும் உழைப்பாளிப் பெண்ணின் வாழ்வைக் கூறியபோது, புனேயின் செம்மொழி வழக்கே மராத்தி என்னும் எண்ணம் தளர்ந்தது. தேவனூரு மகாதேவரின் ‘குசுமபாலெ’ வட்டார வழக்கில் எழுதப்பெற்று, 1990இற் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. பாமாவின் நூலும் பேச்சுத் தமிழில் அமைந்தமைக்காகச் சிலரால் குறைகூறப்பெற்றது. கேட்போர் கற்றோர் மட்டுமே என்று கொண்டவர்க்கு அம்மொழி கொச்சை. கேட்போருள் தம்மவரும் உளர் என்று கொண்ட ஆசிரியர்க்கோ அதுவே செம்மை.

கேட்போர் மாறினால் பழைய நூலும் புதிய நூலாகிவிடும். பிரேம்சந்தின் ‘ரங்கபூமி’ (1925) இதற்குச் சான்று. அதன் தலைவன் சூர்தாஸ், சமார் குலத்துப் பார்வையற்ற இரவலன். காந்தியடிகளின் அறப்போர் நெறிக்கு உருவம் கொடுத்தது என அந்நாவல் நெடுங்காலம் போற்றப்பெற்றது. 2004இல் புது தில்லியில் தலித் அமைப்பொன்று, அதில் வரும் சாதிப்பெயர் வழக்கைக் கண்டித்து அந்நூற்படிகளை எரித்தது. எரித்தல் ஆராய்ச்சி நெறியன்று. எனினும் அச்செயல் உணர்த்திய செய்தியை ஆராய்ச்சியாளர் தள்ளிவிடலாகாது. 1925இல் அந்நூலைக் கேட்போர் அவையில் இடம்பெறாத மக்கள், 2004இல் அவையில் வந்து அமர்ந்துவிட்டனர். தம்மைப் பற்றித் தம் முன்னிலையிற் பேசப்படும் பேச்சை அவர்கள் கேட்டனர்.

தமிழராகிய நாம் மராத்தி நாவலைக் கேட்ட முறையும் கருதத்தக்கது. வி. ஸ. காண்டேகரை நம்மவர் நன்கு அறிவர். கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தியை நேரே கற்று மொழிபெயர்த்த ‘கருகிய மொட்டு’, ‘எரி நட்சத்திரம்’ முதலியவற்றை ஒரு தலைமுறையே விரும்பிப் படித்தது. காண்டேகரின் ‘யயாதி’ (1959) 1974ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்றுத் தந்தது. யயாதி வந்த அதே ஆண்டிலேயே ஃபகிராவும் வந்தது. முன்னையது நம் வீடுகளிற் புகுந்தது போலப் பின்னையது புகவில்லை. இலட்சியக் காதலைப் பேசிய மராத்தியை நாம் விரைந்து கேட்டோம். பசியையும் மானத்தையும் பேசிய மராத்தி நம்மை வந்தடையப் பல்லாண்டுகள் சென்றன. மொழிபெயர்ப்பு என்பது கேட்போர் செய்யும் தெரிவு. அத்தெரிவிலும் சாதியின் நிழல் விழக்கூடும்.

களன்

மூன்றாம் உறுப்பாகிய களனுக்கு வருவோம். சாதி ஊரில் வாழ்வது. நகரத்திலும் தொழிற்சாலையிலும் அது கரைந்துவிடும் என்னும் நம்பிக்கை நெடுநாள் நிலவியது. மராத்தி இலக்கியமும் பம்பாயின் வரலாறும் அந்நம்பிக்கையை அசைத்தன. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவு கூலி மிக்கது. நாடாவில் நூல் தீர்ந்தவுடன் புதிய நூலின் முனையைத் தொழிலாளர் வாயால் உறிஞ்சி இழுத்தல் வேண்டும். ஒருவர் வாய் பட்ட நாடாவில் மற்றொருவர் வாய் படுமாதலின், தீண்டத்தகாதவர் எனப்பட்டோர் அப்பிரிவிற் சேர்க்கப்படவில்லை. 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதனை எடுத்துக்காட்டி, அத்தடையை நீக்குதலும் தொழிலாளர் கோரிக்கையாதல் வேண்டும் என வற்புறுத்தினார். பொறிக்குச் சாதி இல்லை. பொறியை இயக்கும் முறைக்குள் சாதி புகுந்துகொண்டது. தமிழில் டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரைக் களனாக்கி இதே உண்மையை நிறுவுகின்றது. பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ (1991), குடியிருப்புக்காக நிலம் எடுக்கப்பட்டபின் உழவர் குடும்பம் சிதைவதைக் கூறும்.

இனி நம் அண்மையிலுள்ள ஒரு களனை நோக்குவோம். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கற்பட்டுப் பகுதியினின்று பிரிக்கப்பெற்றது. அதன் திருத்தணிப் பகுதி, எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960இல் தமிழகத்தொடு சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் நிலம் அது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்து, இரும்புருக்கு ஆலைகளும் வார்ப்பகங்களும் பிறவும் பெருகின. அவ்வாலைகளில் வடமாநிலத் தொழிலாளர் பலர் பணியாற்றுகின்றனர். மாவட்டத்தின் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர் முதலிய பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். இம்மண்ணின் பழங்குடிகளான இருளர் அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் முன்பணத்திற்குக் கொத்தடிமைகளாய் உழன்று, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையால் மீட்கப்பெற்ற நிகழ்ச்சிகள் பல. கும்மிடிப்பூண்டியிலேயே ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாமும் உள்ளது.

இந்நிலப்பரப்பை நோக்குங்கால் ஓர் உண்மை தோன்றும். மாலபல்லியின் மொழியும், ரங்கபூமியின் மொழியும், ஃபகீர்மோகன் சேனாபதி நிலமிழந்த நெசவாளர் குடும்பத்தை எழுதிய ஒடியா மொழியும், பஞ்சமரின் ஈழத்தமிழும் ஆகிய இவையெல்லாம் இவ்வொரு மாவட்டத்திற் பேசப்படுகின்றன. இந்திய ஒப்பிலக்கியத்தைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆலை வாயிலில் முறை மாறும் நேரத்தில் நின்றாற் போதும்.

ஒப்புமை மொழியளவில் நிற்பதன்று. கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சார்ந்தது தேர்வாய் கண்டிகை. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் சிற்றூர் அது. அவ்வூரார் ஆடுமாடு மேய்த்தும் விறகும் காட்டுப்பொருளும் கொண்டும் பயன்பெற்று வந்த, ஏறத்தாழ 1,100 ஏக்கர் மேய்ச்சல் நிலம் சிப்காட் வளாகத்திற்கு எடுக்கப்பெற்றது. 2009இல் பிரான்சு நாட்டு மிச்செலின் நிறுவனம் அங்கு டயர்த் தொழிற்சாலை நிறுவ ஒப்பந்தமாயிற்று. ஊரார் எதிர்த்துப் போராடினர், நீதிமன்றமும் சென்றனர், 2012இல் அம்முறையீடு பிரான்சு நாடு வரை சென்றது. இதனை ரங்கபூமியோடு வைத்துக் காண்க. காசிக்கு அருகே பாண்டேபுரத்தில், சூர்தாசுக்கு உரிய நிலத்தில் ஊரார் மாடு மேய்கின்றது. அந்நிலத்திலே சிகரெட் தொழிற்சாலை நிறுவ ஒருவர் முனைகின்றார். வேலை கிடைக்கும், ஊர் செழிக்கும் என்கின்றார். சூர்தாஸ் இசையவில்லை. பிரேம்சந்த் தேர்வாயை அறியார். தேர்வாய் மக்களுட் பலர் ரங்கபூமியை அறியார். ஏறத்தாழ எண்பது ஆண்டு இடைவெளியில், மேய்ச்சல் நிலம், ஆலை, ஒடுக்கப்பட்ட சாதி என்னும் மூன்றும் அதே வரிசையில் வந்து நிற்கின்றன.

வேறுபாடும் உண்டு, அதுவே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. சூர்தாஸ் தனியன், தன் பொருட்டு அன்றி ஊரின் பொருட்டு நிற்கும் அறவோன், சுடப்பட்டு மடிகின்றான். தேர்வாயில் நின்றோர் ஊரார். அவர்கள் மனு எழுதினர், வழக்குத் தொடுத்தனர், தம் கூற்றைத் தாமே உரைத்தனர். பிரேம்சந்தின் நாவலுக்கு ஒரு தியாகி தேவைப்பட்டான். இனி எழுதப்படும் நாவலுக்குத் தியாகி தேவையில்லை, குடிமக்களே போதும். பிறர்பொருட்டுப் பேசிய கூற்றிலிருந்து தானே பேசும் கூற்றுக்கு இந்திய நாவல் வந்த வழியையே, மக்களும் வாழ்க்கையில் நடந்து வந்துள்ளனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். சாதி இந்திய நாவலின் பாடுபொருள் மட்டுமன்று. கூற்றையும் மொழியையும் மெய்ப்பாட்டையும் மாற்றியமைத்த ஆற்றல் அது என்பது ஒன்று. ‘யார் எழுதத் தகுதியுடையார்’ என்னும் வாதத்தைப் பிறப்பைக் கொண்டு மட்டும் முடித்தல் இயலாது. கேட்போர் அவையில் யார் அமர்ந்துள்ளனர் என்பதையும் உடன் கருதுதல் வேண்டும் என்பது மற்றொன்று. தொழிற்களன் சாதியை அழித்துவிடும் என்று முன்கூட்டியே கொள்ளாமல், அங்கு அது கொள்ளும் புதுவடிவை ஆராய்தல் வேண்டும் என்பது மூன்றாவது.

தமிழ்த்துறைகளில் ஒப்பியலாய்வு பெரும்பாலும் வடமொழியொடும் ஆங்கிலத்தொடும் நின்றுவிடுகின்றது. மராத்தி, கன்னடம், ஒடியா, குசராத்தி நூல்கள் தமிழுக்கு வருங்கால், ஆங்கிலத்தின் வழியாக வருவனவே மிகுதி. அவ்வழியில் வட்டார வழக்குத் தேய்ந்துவிடும். தக்டூவும் கௌதிக்கும் ஒரே பொதுத்தமிழில் பேசத் தொடங்கிவிடுவர். கா. ஸ்ரீ. ஸ்ரீ. போன்று மூலமொழியைக் கற்கும் மாணவர் ஆண்டுக்கு இருவர் தோன்றினும், இருபது ஆண்டுகளில் நிலைமை மாறும். அம்மொழிகளைக் கற்பிக்க வல்லார் கும்மிடிப்பூண்டியின் தொழிலாளர் குடியிருப்புக்களிலும் வதிகின்றனர். அவர்களைப் புள்ளிவிவரத்திற்குரிய ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்று மட்டும் எண்ணாது, ஓர் இலக்கிய மொழியின் மக்கள் என்று அணுகுதல் தமிழாராய்ச்சியாளர் கடன். அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது பழைய உரை. அவர்களைக் கேட்போராகவும் கூறுவோராகவும் ஏற்று எழுதப்பெறும் உரையே இக்காலத்துக்கு வேண்டப்படுவது.